எதிர்க்கட்சித் தலைவரின் புருஷன்

கௌதம் என்கிற பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது ஒரு ரசச் சாப்பாட்டு நேரத்தில். என் மனைவி ரோஷினி தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கௌதம் இன்னா சொல்றான் தெரியுமா? நம்ம நாட்ல மாநிலங்க கையில இருக்கிற அதிகாரம்லாம் இரவல் நகை மாதிரியாம். கொடுத்தவங்க எப்ப வேணா கழட்டிக்கலாமாம்" என்றாள். நான் அப்பளத்தை உடைத்தேன். யார் அந்தக் கௌதம் என்று கேட்கவில்லை. கேட்டால் பொறாமை பிடித்தவன் மாதிரி இருக்கும். நான் பொறாமை பிடித்தவன்தான். ஆனால் அது எனக்குத் தெரிந்தால் போதும்.

ரோஷினி வேலூரில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் வருடம் படிக்கிறாள். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், கட்டிங் செக்ஷனில், தோல் பார்க்கிறவன். வெட்டுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு தோலையும் விளக்குக்கு அடியில் விரிப்பேன். ஆடு உயிரோடு இருந்தபோது முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, எது இருந்தாலும் சுற்றி வெள்ளி நிறப் பேனாவால் ஒரு வட்டம் போடுவேன். வட்டத்துக்குள் கத்தி வைக்க மாட்டார்கள். வேலையில் எனக்கு நல்ல பெயர். நாள் முழுக்கப் பழுதையே தேடிய கண்ணைச் சாயங்காலம் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வர முடியாது என்பதுதான் சங்கடம்.

அரக்கோணத்தில் பெண் பார்க்கப் போனபோது, மேலே படிக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். தாராளமாக என்று சொன்னவன் நான்தான். என் அப்பா வீரபாகுகூடக் கொஞ்சம் யோசித்தார். அம்மா இல்லாத வீடு, வருகிறவள் கல்லூரிக்குப் போய்விட்டால் சமையல் என்ன ஆகும் என்பது அவர் கவலை. சமையல் ஒன்றும் ஆகவில்லை. காலையில் மூன்று பேருக்கும் சமைத்து, டப்பாவில் அடைத்து, ரயிலேறிக் காட்பாடி போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனாள். சாயங்கால வண்டியில் திரும்பி வந்து ராத்திரிச் சமையலையும் பார்த்தாள். அப்பா எந்தக் குறையும் சொல்லவில்லை.

எம்.ஏ. முடிந்ததும் பி.எட்., அதன் பிறகு ஆம்பூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. இது என் ஏற்பாடு. எங்கள் மேனேஜருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் தெரியும். ரோஷினியிடம் சொன்னேன், "சரி" என்றாள். அவள் எதற்கும் சரி என்றுதான் சொல்வாள். சாம்பார் வேண்டாம் என்றால் சரி. ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போகலாம் என்றால் சரி. கம்பெனியில் மற்றவர்கள் வீட்டுச் சண்டையைச் சொல்லிப் புலம்பும்போது, நான் அதிர்ஷ்டக்காரன் என்று நினைத்துக்கொண்டு டீ குடிப்பேன்.

ரசத்துக்கு அப்புறம் கௌதம் தினமும் வர ஆரம்பித்தான். கௌதமுக்கு இன்டர்னலில் இரண்டு மார்க் ஜாஸ்தி. கௌதம் ஏழு மணி வரைக்கும் லைப்ரரியில் இருக்கிறானாம். கூட்டாட்சி பற்றி ஒரு நல்ல புத்தகம், லைப்ரரியில் ஒரே ஒரு காப்பி, அதைக் கௌதம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். சாவித்திரி மேடம் கௌதமிடம் ஏதோ நுழைவுத் தேர்வு பற்றிப் பேசினார்களாம். இதையெல்லாம் சொல்லும்போது அவள் கண் வேறு மாதிரி இருக்கும். என்னைப் பற்றி அவள் யாரிடமாவது சொல்லும்போது அந்தக் கண் வருமா என்று யோசித்தேன். என்ன சொல்வாள்? அவர் தோலில் வட்டம் போடுவார் என்பாளா?

எனக்கு வயிறு எரிந்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, தொப்புளுக்கு மேலே நிஜமாகவே எரிந்தது. ஜெலுசில் வாங்கிக் குடித்தேன். கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசையில் நசீர் அகமது. வெட்டுவதில் கெட்டிக்காரன், வாயிலும் கெட்டிக்காரன். "இன்னா தோஸ்த், பேஜாரா இருக்கிற? நல்ல தோலுக்கெல்லாம் வட்டம் போட்டுத் தள்றியே" என்று கேட்டான். ஒரு வாரம் மழுப்பினேன். பிறகு சொல்லிவிட்டேன். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "போய் அவனைப் பாத்துரு பிரேம். பாக்காத ஆளு எப்பவும் அழகாத்தான் இருப்பான்" என்றான்.

எப்படிப் போய்ப் பார்ப்பது? அதற்குள் நான் வீட்டில் அவளோடு நேராகப் பேசுவதை நிறுத்தியிருந்தேன். எங்கள் வீட்டில் கோபம் வந்தால் அதுதான் வழக்கம். அம்மா இருந்த காலத்தில் அப்பாவும் அம்மாவும் என் மூலமாகப் பேசிக்கொள்வார்கள். இப்போது நானும் ரோஷினியும் அப்பா மூலமாக. "அப்பா, என் நீலச் சட்டை எங்கன்னு கேளு" என்பேன். அவள் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு, "மாமா, கொடியில காயுதுன்னு சொல்லுங்க" என்பாள். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொடியிலயாம்" என்பார். என்ன கோபம் என்று அவள் கேட்கவே இல்லை. அந்த ஏற்பாட்டுக்கும் சரி என்று இருந்துவிட்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் சாயங்காலம் அப்பாவிடம் அவள் சொன்னாள். "மாமா, எங்க டிபார்ட்மென்ட்ல மாதிரி நாடாளுமன்றம் நடக்குது. வீட்ல இருந்து வரலாமாம். நான் எதிர்க்கட்சித் தலைவர். அவர் வர்றாரான்னு கேளுங்க."

"பிரதமர் யாருன்னு கேளுப்பா" என்றேன்.

"கௌதம்" என்றாள். அப்பாவுக்காகக் காத்திருக்கவில்லை, நேராகவே சொன்னாள்.

லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கல்லூரிக் கூடத்தில் நாற்காலிகளை இரண்டு பக்கமும் எதிரெதிராகப் போட்டிருந்தார்கள். நடுவில் உயரமான இடத்தில் அவைத்தலைவர் நாற்காலி. அதில் இஃப்ரா என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்து பிரியாணி கொடுத்துவிட்டுப் போன பெண். அன்றைக்கு என்னை யாரென்றே தெரியாததுபோல் பார்த்தாள். எங்களைப் பின்னால், பார்வையாளர் மாடம் என்று அட்டை ஒட்டிய பெஞ்சுகளில் உட்கார வைத்தார்கள். பார்வையாளர்கள் கை தட்டக் கூடாது, பேசக் கூடாது, போன் கூடாது என்று சொன்னார்கள். உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் நேராகப் பேசக் கூடாது, எதையும் அவைத்தலைவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்கள். எங்கள் வீட்டு வழக்கத்தை டெல்லியில் எப்படிப் பிடித்தார்கள் என்று ஆச்சரியப்பட்டேன்.

பிறகு பிரதமர் எழுந்தார். நசீர் சொன்னது சரி. ஒல்லியான பையன், சோடாபுட்டிக் கண்ணாடி. பழக்கமில்லாத வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். அது அவிழ்ந்துவிடுமோ என்கிற பயத்தில் இடது கையை இடுப்பிலேயே வைத்திருந்தான். எனக்கு மனசு குளிர்ந்தது. இவனுக்காகவா இவ்வளவு ஜெலுசில் என்று நினைத்துச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

கேள்வி நேரத்தில் ஆரம்பித்தார்கள். ரோஷினி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள், அதற்குப் பதில் வருவதற்குள் இன்னொரு கேள்வி கேட்டாள். இஃப்ரா மணியை அடித்து, "கேள்வி நேரம் முடிந்தது. எதிர்க்கட்சித் தலைவர் அமரவும்" என்றாள். அதன் பிறகு மசோதா. பாலாற்றங்கரையில் இருக்கிற தோல் ஆலைகளையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றுவது பற்றியது. கௌதமுக்குச் சொந்த ஊர் அணைக்கட்டுப் பக்கம், விவசாயக் குடும்பம். ஆற்றையும் கிணற்றையும் பற்றி நன்றாகவே பேசினான். எனக்கே நியாயமாகத்தான் பட்டது.

ரோஷினி எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். சமையலுக்கு முன்னால் செருகுகிற மாதிரிதான், ஆனால் அதற்கப்புறம் வந்த குரலை நான் கேட்டதே இல்லை.

"மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, பிரதமர் பாலாற்றைப் பார்த்ததே ரயில் ஜன்னலில் இருந்துதான். ஆறு கெட்டது எங்களுக்கும் தெரியும், அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் நாங்கள். இந்த மசோதாவைப் படித்தேன். இயந்திரத்துக்கு இடம் சொல்லியிருக்கிறார்கள், முதலாளிக்கு மானியம் சொல்லியிருக்கிறார்கள். வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வரி இல்லை. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? நீங்களே முடிவு செய்துவிட்டு, அவர்கள் எதுவும் பேசவில்லை, அதனால் ஒத்துக்கொண்டார்கள் என்று எழுதிக்கொள்வீர்களா?"

கௌதம் பாதியில் எழுந்து ஏதோ சொல்ல வந்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் அவன் பக்கம் நீட்டினாள்.

"பிரதமர் உட்காருங்கள். நான் இன்னும் முடிக்கவில்லை."

அவன் உட்கார்ந்தான். நான் கை தட்டிவிட்டேன்.

பலமாகத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது. கூடம் முழுக்கத் திரும்பியது. இஃப்ரா மணியை அடித்து, "பார்வையாளர் மாடத்தில் இருப்பவர் அமைதி காக்க வேண்டும்" என்றாள். ரோஷினி மட்டும் திரும்பவில்லை. மேசையைத் தட்டித் தட்டி அவள் பேசினாள். கௌதம் மறுபடி எழுந்தான், மறுபடி உட்கார வைத்தாள். நான் மறுபடி கை தட்டினேன். இந்த முறை முதல் வருடப் பசங்கள் இரண்டு பேர், கையில் காவலர் என்று பட்டை கட்டியவர்கள், பெஞ்சுக்கு வந்து, "சார், அவைத்தலைவர் உத்தரவு, வெளிய வாங்க" என்றார்கள். கல்யாணச் சட்டையோடு வெளியே போனேன்.

வராந்தா ஜன்னல் வழியாக மீதியைப் பார்த்தேன். அங்கே நின்றபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. வீட்டில் சட்டம் போட்டு மாட்டிய படம் மாதிரி சாந்தமாக இருந்தவள் இங்கே சிவந்துபோய் நின்றாள். அவன் ஒன்று சொன்னால் இவள் இரண்டு சொன்னாள். சிரித்தாள், கிண்டல் செய்தாள், கோபத்தில் குரல் உடைந்தது. மசோதாவுக்கு ஓட்டெடுத்தார்கள். ஆளும் கட்சியில் ஆள் ஜாஸ்தி, அவள் தோற்றுப்போனாள். அதன் பிறகும் விடவில்லை. டீ கொடுக்கும் இடத்தில் பேப்பர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

என்னிடம் அவள் ஒருநாள்கூடக் கோபப்பட்டதில்லை. நான் பேசும்போது குறுக்கே பேசியதில்லை. உட்காருங்கள் என்று சாப்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறாள், வேறு எதற்கும் சொன்னதில்லை. அவர்கள் கை கோத்துக்கொண்டு நின்றிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். சண்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், இதற்கு யாரிடம் போய்ச் சொல்ல? அந்த ஒல்லிப்பயலுக்கு அவளுடைய முழுக் கோபமும் கிடைக்கிறது. எனக்குச் சரி மட்டும் கிடைக்கிறது. எரிச்சல் வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏறியது.

திரும்பும் ரயிலில் வேறு வழியில்லாமல் நேராகப் பேசினேன். அப்பா கூட இல்லையே.

"தோத்துட்ட போல."

"அவங்களுக்கு ஆளு ஜாஸ்தி."

"கௌதம் நல்லாத்தான் பேசறான்."

"சுமார்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு, "போனதும் உப்புமா பண்ணிரட்டுமா?" என்றாள்.

"சப்பாத்தி பண்ணு."

"சரி" என்றாள்.

அதன் பிறகு அவளைச் சண்டைக்கு இழுப்பதே என் வேலையாகிவிட்டது. குழம்பில் உப்பு சரியாக இருந்த நாளில், "உப்பு ஜாஸ்தி" என்றேன். "சரி, நாளைக்குக் கம்மி பண்றேன்" என்றாள். மறுநாள் நிஜமாகவே கம்மி செய்தாள், அப்பா என்னை முறைத்தார். அவள் படித்துக்கொண்டிருக்கும்போது டிவியைச் சத்தமாக வைத்தேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். "அரசியல் படிச்சு இன்னா ஆவப்போவுது, எம்.எல்.ஏ.வா ஆவப்போற?" என்று வேண்டுமென்றே கேட்டேன். கௌதம் கேட்டிருந்தால் தோலை உரித்திருப்பாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். நசீரிடம் சொன்னபோது, "பொண்டாட்டி சண்டை போடலன்னு அழற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்று செக்ஷன் முழுக்கச் சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொறுமை போய்விட்டது. சாப்பிட்டு முடித்ததும் டிவியை நிறுத்தினேன். அப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலியை அவரோடு சேர்த்துக் கூடத்தின் நடுவுக்கு இழுத்தேன்.

"டேய், இன்னாடா பண்ற?" என்றார்.

"நீதான் அவைத்தலைவர். சும்மா உக்காரு. அவளைக் கூப்பிடு."

ரோஷினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "கிண்டலா?" என்றாள்.

"அப்பா, கிண்டல் இல்லன்னு சொல்லு. நான் ஒரு தீர்மானம் கொண்டு வர்றேன். எம்.ஏ. முடிஞ்சதும் ரோஷினி பி.எட். சேரணும். அது மேல எதிர்க்கட்சித் தலைவருக்கு இன்னா கருத்துன்னு கேளு."

அப்பா பரிதாபமாக அவளைப் பார்த்து, "இன்னாம்மா கருத்து?" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள். பிறகு தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க கிளாஸ்ல கௌதம்னு ஒருத்தன் படிக்கிறான். எனக்கு அவனைப் பாத்தா வயிறு எரியுது மாமா."

நான் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏழு மணி வரைக்கும் லைப்ரரில உக்காந்து படிக்கிறான். யாரும் அவனைத் தேடறதில்ல. வீட்டுக்குப் போனா அவங்கம்மா தட்டு போட்டுக் கூப்பிடறாங்க. நான் கடைசி கிளாஸ் முடியறதுக்குள்ள பையைத் தூக்கிட்டு காட்பாடிக்கு ஓடறேன். ஒரே ஒரு காப்பி இருக்கிற புத்தகம், நான் போறதுக்குள்ள அவன் எடுத்துடறான். அவன் படிச்சதை அவன் வாயால கேட்டுத்தான் நான் தெரிஞ்சுக்கறேன். அவன் தப்பாச் சொன்னா தப்புன்னு எனக்குத் தெரியுது, ஆனா எந்தப் பக்கத்துல இருக்குதுன்னு என்னால காட்ட முடியல. அவனைவிட எனக்கு நல்லா வரும் மாமா. அவனுக்குத்தான் மார்க் ஜாஸ்தி. இப்ப புதுச்சேரில ஆராய்ச்சிப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு வருது. நீயும் எழுதுன்னு மேடம் சொன்னாங்க. வீட்ல பி.எட்.ன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவன் எழுதறான். தினமும் அவன் அதைப் பத்திப் பேசறான், நான் கேட்டுட்டு வர்றேன். ராத்திரி சோறு போடும்போதுகூட அவன் ஞாபகம்தான். எனக்கு இருந்திருக்க வேண்டியதெல்லாம் அவன்கிட்ட இருக்குது."

அந்தக் கண்ணை இப்போதுதான் அடையாளம் கண்டுகொண்டேன். கௌதம், கௌதம் என்று சொல்லும்போது அவள் கண்ணில் வந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த சமாச்சாரம். கண்ணாடியில் ஷேவ் செய்யும்போது மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். அந்தச் சோடாபுட்டியைப் பார்த்து எங்கள் வீட்டில் இரண்டு பேர் எரிந்துகொண்டிருந்திருக்கிறோம். ஒரே வட்டத்தை இரண்டு பேரும் போட்டுவிட்டு, ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவில்லை.

"இதெல்லாம் என்கிட்ட ஒரு வார்த்தை..." என்று எழுந்தேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை என் பக்கம் நீட்டினாள்.

"உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல."

உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சம்பள உயர்வு வந்த அன்றைக்குக்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"இவர் என்கிட்ட கேக்கல மாமா, முடிவு பண்ணிட்டுச் சொன்னார். நான் சரின்னு சொன்னேன். நான் சரின்னா எனக்குச் சரின்னு அர்த்தமில்ல. அடுப்புல பால் இருக்குது, பேச நேரமில்லன்னு அர்த்தம். கல்யாணம் ஆனதுல இருந்து அடுப்புல ஏதோ ஒண்ணு இருந்துக்கிட்டேதான் இருக்குது." மூச்சு வாங்கினாள். "அவ்ளோதான்."

அப்பா என்னைப் பார்த்தார். "நீ பேசறியா?"

"தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றேன். பெரிய மனசு பண்ணிய மாதிரி ஒரு தொனி வந்துவிட்டது, எனக்கே கேட்டது.

ரோஷினி சட்டென்று, "முடியாது" என்றாள். "கொண்டு வந்த தீர்மானத்தை வாபஸ் வாங்கணும்னா அவை சம்மதிக்கணும் மாமா. நான் சம்மதிக்க மாட்டேன். இவர் விட்டுக்குடுத்து நான் போனதா இருக்கக் கூடாது. நாளைக்கு ஒரு சண்டை வந்தா, நான்தானே விட்டேன்னு சொல்வார். ஓட்டுக்கு விடுங்க. அது தோக்கணும்."

"அப்ப நான் எதிர்த்துக் கை தூக்கறேன், தோத்துடும்" என்றேன்.

"பொய்யாத் தூக்கக் கூடாது. உங்க மனசுல இன்னா இருக்குதோ அதுக்குத் தூக்குங்க." இதை அவள் அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பி.எட். வேணும்ன்றவங்க கை தூக்குங்க" என்றார்.

என் மனசில் என்ன இருந்தது? புதுச்சேரி இருந்தது. அவள் இல்லாத வீடு, ஹாஸ்டல், வாரத்துக்கு ஒரு போன். அங்கேயும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தக் கௌதம். எனக்கு அவள் ஆம்பூரை விட்டுப் போகக் கூடாது, அதுதான் உண்மை. கையைத் தூக்கினேன். அவள் தலையை ஆட்டினாள், கணக்கு சரிதான் என்கிற மாதிரி.

"வேணாம்ன்றவங்க?"

அவள் கை தூக்கினாள். வளையல்கள் முழங்கை வரைக்கும் இறங்கின.

"ஆளுக்கு ஒண்ணு. இப்ப இன்னா பண்றது?" என்று அப்பா கேட்டார்.

"சமமா வந்தா அவைத்தலைவர் ஓட்டு போடணும் மாமா."

அப்பா இதை எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார், அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தார். அவர் என் பக்கம்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ராத்திரிச் சோறு அவருக்கும் வேண்டும்.

"எனக்கு அந்த அரசியல்லாம் தெரியாது. நீ ரெண்டு வார்த்தை பேசின, அவ நல்லாப் பேசினா. என் ஓட்டு மருமகளுக்கு" என்றார். என்னைப் பார்த்து, "தோத்துட்ட, போ" என்றும் சொன்னார்.

ரோஷினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, இரண்டும் இருந்தது. அந்த முகத்தை ஜன்னல் கம்பி இல்லாமல் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தோற்றவனுக்கு அது ஜாஸ்திதான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "அவனும் எழுதறான் இல்ல அந்தத் தேர்வை?"

"எழுதறான்."

"அவன் உனக்குக் கீழதான் வரணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்போது எனக்கு வந்த ஆவேசம் இருக்கிறதே, அந்தப் பயலை ஒரு மார்க்கிலாவது கவிழ்க்காமல் விடக் கூடாது என்று தோன்றியது. "இன்னமே ஓடி வராத. நீயும் ஏழு மணி வரைக்கும் லைப்ரரில இரு. அந்தப் புத்தகத்தை அவனுக்கு முந்தி எடு. கடைசி வண்டில வா, ஸ்டேஷனுக்கு வந்து நான் கூட்டிட்டு வர்றேன். சோத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அப்பா நாற்காலியில் இருந்து பாதி எழுந்தார். "நீ சமைக்கிறியா? அப்ப என் ஓட்டைத் திருப்பிக் குடுங்க."

"போட்ட ஓட்டை மாத்த முடியாது மாமா" என்றாள் ரோஷினி.

மறுநாள் திங்கள்கிழமை. வேலை முடிந்து வந்து வெங்காயம் நறுக்கினேன். அப்பா வாசலில் நின்றுகொண்டு, தூள் தூளாக நறுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சித் தலைவர் லைப்ரரியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தபோது பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாவது வெங்காயத்தில்தான் உறைத்தது. ஏழு மணி வரைக்கும் அவனும் அங்கேதான் இருப்பான். அவளை அவனோடு அங்கே உட்கார வைத்தவன் நானேதான். கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயத்துக்குப் பாதி, மீதிப் பாதி அதற்கு.

கத்தியை வைத்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். அவள் எடுத்தாள். போனை அப்பாவிடம் நீட்டினேன்.

"அப்பா, அந்த லைப்ரரில எத்தினி மேசை போட்டிருக்காங்கன்னு கேளு."

அப்பா கேட்டார். அந்தப் பக்கம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்கே கேட்டது. அப்பா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேள்வி நேரம் முடிஞ்சுபோச்சாம்" என்றார். "உக்காரச் சொல்றா."